கௌதமன் தலைமுடி பற்றி பாவாவுக்கு

திருத்தணி,
ஆவணி முதல் வெள்ளி.

மரியாதைக்குரிய ஹரிஹரன் பாவா அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் அசோக்குமார் கைகூப்பி எழுதுவது. தணிகை மலையான் பார்வையில் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். மஸ்கட் வெயில் உங்களை ரொம்ப வாட்டக்கூடாது என்று தினமும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் வண்டிச் சாவியைக் கையில் எடுக்கிறேன்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "ஆங், ஆங்" என்பேன், லைன் போய்விடும். கடிதத்தில் நான் பேசுவேன், நீங்கள் குறுக்கே பேச முடியாது. மேலும் என் கையெழுத்து உங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்பதாவதோடு நான் படிப்பை நிறுத்தியபோது தமிழ் ஐயா வீடு தேடி வந்து, "இந்தக் கையெழுத்து பள்ளிக்கூடத்தை விட்டுப் போகக் கூடாது" என்று கண்ணீர் விட்டார். என் வீட்டுக்காரி சுசித்ரா இதை நம்புவதில்லை. அவள் எதைத்தான் நம்பினாள்? லீவு முடிந்து உங்கள் கம்பெனிக்கே திரும்புகிற மணவூர் பென்சனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே அக்கா சுட்ட முறுக்கும் கறிவேப்பிலைப் பொடியும் வரும். முறுக்கில் பாதியைப் பென்சன் வழியிலேயே தின்றுவிடுவான். கடிதம் முழுசாக வந்து சேரும்.

முதலில் நல்ல சேதிகளை எழுதிவிடுகிறேன். என் குட்டியானை வண்டி நன்றாக ஓடுகிறது. நகரி, புத்தூர் பக்கம் தறி வைத்திருப்பவர்கள் லுங்கிக் கட்டு ஏற்ற வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் ஒரு நாள் வராவிட்டால் ஆந்திராவில் பாதிப் பேர் இடுப்பில் துணியில்லாமல் நிற்பார்கள் என்று ஒரு முதலாளி சொன்னார். வாயால் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. உங்கள் வீட்டுக் கூரையில் ஒழுகிய இடத்தை நானே ஏறி அடைத்துவிட்டேன். மேஸ்திரி வந்து பார்த்து, "இதுக்கு மேல நான் இன்னா செய்யறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

கௌதமன் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போகிறான். அங்கே ஆறாம் வகுப்பு மாடியில் இருந்தது. நான் நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குள் போய், மேசை மேல் ஒரு தட்டுத் தட்டி, "சார், பையன் மேல ஏற மாட்டான். வகுப்புதான் கீழ எறங்கணும்" என்றேன். அன்றைக்கே வகுப்பு மொத்தமும் பெஞ்சோடு கீழே இறங்கிவிட்டது! கௌதமன் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறான். யூனிஸ் டீச்சர் முன்னமே மனு எழுதிக் கொடுத்திருந்தாராம், நான் போனபோதே பெஞ்சுகள் படியில் இறங்கிக்கொண்டிருந்தனவாம். இருக்கட்டும். கடைசி பெஞ்சுக்கு ஒரு பக்கம் நான்தான் பிடித்தேன், அதை அவனும் மறுக்கவில்லை.

யூனிஸ் டீச்சர் அரக்கோணத்துப் பெண். நடக்க முடியாத, பேச முடியாத பிள்ளைகளுக்காக அரசாங்கமே அனுப்புகிற டீச்சர். வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து கௌதமன் கால்களை நீட்டி மடக்கிவிடுகிறார், மூச்சுக்குப் பலூன் ஊதச் சொல்கிறார். வீல்சேருக்கு அளவெடுத்து எழுதிப்போட்டதும் அவர்தான். அன்று வீடியோவில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சக்கரம் தெரிந்தது, "அது யாருது?" என்று கேட்டீர்கள். "பக்கத்து ஊட்டுக்காரங்களுது" என்று அக்கா சொல்லிவிட்டாள். நீங்களும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, போனை வைத்துவிட்டீர்கள். பாவா, அது நம் கௌதமனுடையது. சமமான இடத்தில் அவனே தள்ளிக்கொண்டு போகிறான். மேடு வந்தால் தள்ளுவதற்கு நாலு பேர் அடித்துக்கொள்கிறார்கள். போகிற வேகத்தைப் பார்த்தால் ஒரு நாள் போலீஸ் நிறுத்தி லைசென்ஸ் கேட்கும்.

பள்ளிக்கூட மைதானத்தில் கிரிக்கெட் நடந்தால் இவன்தான் அம்பயர். விரலைத் தூக்காமலே அவுட் கொடுக்கிற அம்பயர் தமிழ்நாட்டில் இவன் ஒருவன்தான். கையைத் தூக்க முடியாததால் தொண்டையைத் திறந்து "அவுட்டு!" என்று ஒரு குரல் கொடுப்பான், ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். எதிர்த்துப் பேசுகிறவன் பிழைக்க முடியாது. ஒருவன் கோபத்தில், "பொண்ணு மாதிரி சடை போட்டுகினு நீ இன்னாடா அவுட்டு குடுக்கற?" என்றானாம். "ஆமாண்டா, பொண்ணு குடுத்த அவுட்டுதான். போய் ஓரமா உக்காரு" என்றானாம் இவன்.

அந்தச் சடை பற்றி எழுதத்தான் பாவா இந்தக் கடிதமே.

மஸ்கட்டுக்குப் புறப்படும் முன்பு மலை மேல் கற்பூரத்துக்கு எதிரில் நின்று நீங்கள் வேண்டிக்கொண்டீர்கள். பக்கத்தில் நானும் நின்றேன். "எம் புள்ள தன் காலால படியேறி வந்து உனக்கு முடி குடுப்பான். அதுவரிக்கும் அவன் தலையில கத்தி படாது" என்று சத்தமாகவே சொன்னீர்கள். அப்போது கௌதமன் குதிகால் தரையில் படாமல், இரண்டு எட்டுக்கு ஒரு தடவை விழுந்தாலும், நடந்துகொண்டிருந்தான். டாக்டர்கள் தசை கரைகிற நோய் என்று சொல்லியிருந்தார்கள். டாக்டருக்கு மேலே ஒருவன் இருக்கிறான் என்று நீங்கள் சொன்னீர்கள். நல்ல வேண்டுதல்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வயதும் இல்லை, தகுதியும் இல்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா இத்தனை வருஷம் விடிந்ததும் எழுந்தாள்.

முடி இப்போது இடுப்பைத் தொடுகிறது. என் மகள் யுவஸ்ரீக்குப் பொறாமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றுவது ஒரு பெரிய வேலை. அக்கா ஒரு கையால் அவன் கழுத்தைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் சீயக்காய் தேய்க்கிறாள். நனைந்த முடியின் கனத்துக்குத் தலை பின்னால் சாய்ந்துவிடுகிறது. துவட்டிக் காயவைத்து முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்குகிறது. அக்கா இதுவரைக்கும் ஒரு வார்த்தை சலித்துக்கொண்டதில்லை.

ஆனால் ஒரு விஷயம் அக்காவுக்கே தெரியாது. ஆனி மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து அவனை வண்டியில் கூட்டி வந்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன் தலையைக் கதவுக் கம்பியில் போட்டுத் தேய்த்துக்கொண்டே வந்தான். "இன்னாடா மாப்ள, மாடு மாதிரி ஒரசற?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "தல அரிக்குது மாமா. கை எட்ட மாட்டுது. கிளாஸ்ல ஜன்னல் பக்கமா உக்காந்துகினா கம்பியில தேச்சுக்கலாம், இன்னிக்கு நடுவுல உக்கார வெச்சிட்டாங்க" என்றான். பிறகு, "நைனா கைல சொல்லாத. அம்மா கைலயும் சொல்லாத" என்றான். அவன் கை இப்போது வாய் வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் போவதில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவன் தலை முழுக்கச் சொறிந்துவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் அடித்த ஹாரன் திருப்பதி வரைக்கும் கேட்டிருக்கும். அடிக்கட்டும் என்று இருந்தேன்.

அவனிடம் சரி என்று சொன்னதை மீறித்தான் இதை எழுதுகிறேன். தெரிய வேண்டியவர் நீங்கள்.

போன மாதம் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டரிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "சார், கண்ணு மாத்தறீங்க, கிட்னி மாத்தறீங்க. லுங்கிக் கட்டு ரெண்டை ஒண்ணா தூக்கற தொடை இது. இதுல இருந்து சதைய எடுத்து அவனுக்கு வையுங்களேன். கையெழுத்து இப்பவே போடறேன்" என்றேன். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார். மெடிக்கலில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஆனால் இது ரத்தத்திலேயே எழுதிவைத்த நோயாம், இடம் மாற்றி வைத்த சதையும் கரைந்துபோகுமாம். பிறகு அவர் அக்காவிடம், "இனிமே நடப்பான்னு இழுத்துப் புடிச்சு நிக்க வெக்காதீங்கம்மா. கையையும் மூச்சையும் எவ்ளோ நாளைக்கு முடியுமோ அவ்ளோ நாளைக்குக் காப்பாத்துவோம். புள்ளைய சந்தோஷமா வெச்சுக்கோங்க" என்றார். நான் எப்போதுமே ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிறவன் என்று ஊருக்கே தெரியும். டாக்டர் சொன்ன இந்த வார்த்தையில் நான் ஒன்றும் கூட்டவில்லை பாவா. கௌதமன் யாரும் பிடிக்காமல் தானாக நின்று மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. இனி நடக்க மாட்டான்.

அம்மா வழியில் யாருக்காவது இது இருந்ததா என்றும் டாக்டர் கேட்டார். எங்கள் மூத்த அண்ணனை நீங்கள் பார்த்ததில்லை. போலியோ என்றே எங்கள் வீட்டில் சொல்லிவந்தார்கள். நாளைக்கு எழுந்துவிடுவான், அடுத்த தைக்கு எழுந்துவிடுவான் என்று அவனை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். தெருவில் பாதிப் பேருக்கு அவன் முகமே தெரியாது. மீசை அரும்பின வருஷம் போய்விட்டான். டாக்டர் கேட்ட பிறகு திரும்பி வருகிற வழியெல்லாம் அக்கா, "என் வயித்துல இருந்துதான வந்துகீது" என்று அழுதாள். நான், "அண்ணன் பொறந்த அதே வயித்துலதான் நானும் பொறந்தேன். எனக்கு வரல. வராம இருக்க நான் இன்னா பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. நீயும் ஒண்ணும் பண்ணல" என்றேன். எவ்வளவோ பேசுகிற எனக்கு அன்றைக்கு வந்த பேச்சு அவ்வளவுதான். நீங்கள் சொன்னால் அவள் இன்னும் நன்றாகக் கேட்பாள்.

இனி ஆடிக் கிருத்திகைக் கதை. எனக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில்தானே நடக்கிறது? மடி செல்லும் என்றால் கால் செல்லாதா? தாய்மாமன் காலால் ஏறினால் மருமகன் காலால் ஏறினதாகத்தானே கணக்கு? உங்கள் வேண்டுதலுக்கும் பங்கமில்லை, பிள்ளை தலைபாரமும் இறங்கும். யாரிடமும் கேட்கவில்லை. மஞ்சள் வேட்டியால் அவனை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, "அரோகரா" என்று படியில் காலை வைத்துவிட்டேன்.

கூட்டம் இரண்டாகப் பிளந்து எங்களுக்கு வழி விட்டது. பம்பைக்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு அடித்தார்கள். பம்பை பக்கத்துக் காவடிக்கு அடித்தது என்று கௌதமன் சொல்கிறான். முதுகில் இருந்தவனுக்கு என்ன தெரியும்? முதல் பாதியை ஓடியே கடந்தேன். ஆனால் அவன் மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பு போட்டிருக்கிறான், முன்னைப் போல் இல்லை. நடு மண்டபத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு அம்மாள் முந்தானையால் விசிறினாள், ஒருவர் தண்ணீர் கொடுத்தார். என் முதுகில் கட்டியபடியே இருந்த கௌதமன் காதோரமாகக் கேட்டான். "மாமா, முருகரே மயில் மேலதான சுத்தறாரு? அவரு எப்ப நடந்தாரு? நான் மட்டும் இன்னாத்துக்கு நடந்து காட்டணும்?"

மண்டபமே சிரித்தது. கன்னத்தில் அலகு குத்தியிருந்த ஒருவர் வாயைத் திறக்க முடியாமல் கண்ணாலேயே சிரித்தார். நானும் சிரித்தேன்.

எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தோம். முடி இறக்குகிற இடத்தில் இருந்த நாவிதர் சடையைக் கையில் எடுத்துப் பார்த்து, "அடேங்கப்பா, எத்தினி வருசத்து முடி! வா கண்ணு, மாமன் மடியில உக்காரு" என்று தண்ணீர்ச் சொம்பை எடுத்துவிட்டார். கௌதமன் தலையைக் குனிந்து கொடுத்தும்விட்டான். அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. வேண்டிக்கொண்டது நான் இல்லை. "தன் காலால" என்று நீங்கள் சொன்ன சொல்லை என் இஷ்டத்துக்கு மாற்ற நான் யார்? "இல்லீங்க, இன்னும் நேரம் வரல" என்று சொல்லிவிட்டேன். கௌதமன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. நான்தான் கை கொடுத்து நிமிர்த்தினேன்.

வெளியே படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக எதிரில் போனார்கள். அவன் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, தலையில நேரா காத்து பட்டா எப்டி இருக்கும்?" என்று கேட்டான். நான், "வாடா, பஞ்சாமிர்தம் சாப்பிடலாம்" என்றேன்.

இறங்குவதற்கு முன்னால் ஒரு வயதான குருக்களைப் பிடித்து நியாயம் கேட்டேன். சாஸ்திரமெல்லாம் எடுத்துப்போட்டு அரைமணி நேரம் வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேண்டிக்கிட்டவர் இருக்கறப்போ நீ மாத்த முடியாதுப்பா. அவர் மாத்தலாம். பிள்ளையால முடியாததைச் சாமி கேக்காது. அவர் எந்த ஊர்ல இருந்தா என்ன, குளிச்சிட்டு இந்தத் திக்கைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லச் சொல்லு. அப்புறம் வண்டிப்பாதையிலேயே அழைச்சிண்டு வா" என்றார்.

பாவா, உங்கள் ஊரிலிருந்து நம் மலை கிழக்குப் பக்கம் இருக்கிறது. கொஞ்சம் தெற்கே சாய்வாம். பென்சன் போனில் பார்த்துச் சொன்னான், மொட்டை மாடியில் எந்த மூலை என்று அவனே காட்டுவான். குளித்துவிட்டு அங்கே நின்று, "எம் புள்ள வண்டியில வருவான். அப்படியே ஏத்துக்கோ" என்று மட்டும் சொல்லுங்கள். இப்படிச் சொல்வது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். படியேறி வருவான் என்று கேட்ட அதே சாமியிடம் இதைச் சொன்னால், எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும். விட்டுக்கொடுப்பது நடையை மட்டும்தான் பாவா. பிள்ளை நம்மிடம்தான் இருக்கிறான், வாயடித்துக்கொண்டு, ஊரையே மிரட்டிக்கொண்டு இருக்கிறான். அவனை அவன் இருக்கிறபடி மலைக்குக் கூட்டிப் போவோம். மேலே வண்டி நிற்கிற இடத்திலிருந்து நாற்காலியோடு தூக்க நான் ஒருவனே போதும். சரி, இரண்டு பேரை வைத்துக்கொள்கிறேன்.

சொல்லி முடித்ததும் எனக்கும் போன் போட வேண்டாம், அக்காவுக்கும் வேண்டாம். கௌதமனிடம் சொல்லுங்கள். உங்கள் வாயால் அவன் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன், கோபிக்க வேண்டாம். வீடியோ வந்ததும், "எழுந்து நின்னு காட்டுடா" என்கிறீர்கள். போன வாரம் அவன் நின்றான். நீங்கள் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாங்களும் பார்த்தோம். அவன் இடுப்புக்குக் கீழே நான் தரையில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது போனில் தெரியாது. "நைனா அழுவாரு மாமா, கெட்டியா புடி" என்று அவன்தான் சொன்னான். அன்றிலிருந்து உங்கள் போன் வருகிற நேரம் பார்த்து அவனுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறான், இமை மட்டும் ஆடுகிறது. இந்தத் தடவை அப்படிக் கேட்காதீர்கள். "சாப்டியாடா" என்று கேளுங்கள், போதும். அவன் கண்ணைத் திறந்துவிடுவான்.

மொட்டை அடித்தால் மண்டை எப்படி இருக்குமோ என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு கவலை இருக்கிறது. முடியை ஒதுக்கி நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். அதே நெற்றி, அதே பின்மண்டை. முடி இறங்கியதும் பாருங்கள் பாவா, அச்சாக நீங்கள்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள்.

உங்கள் நாவுக்கு அந்த ஒரு சொல்லை மலையான் கொடுக்கட்டும்.

உங்கள் போன் மணிக்குக் காத்திருக்கும்,
கௌதமனின் தாய்மாமன்,
அசோக்குமார்.